கும்பிடு கம்பி

குண்டடத்து டீக்கடையிலிருந்து கிளம்பி ஒரு கிலோமீட்டர்கூட ஆகியிருக்காது, காற்று வந்து நெஞ்சில் கைவைத்துத் தள்ளியது. ஆடிக் காற்று. பாலக்காட்டுக் கணவாயில் புகுந்து, வழியிலுள்ள காற்றாலைகளையெல்லாம் சுற்றவைத்து, அவற்றின் முதலாளிகளுக்கு விசுவாசமாக உழைத்துவிட்டு, மிச்சமிருக்கிற பலத்தை மருதாசலத்தின் மேல் காட்டுகிற காற்று. சரி, காட்டு என்றார். அறுபத்து நான்கு வயதில் எத்தனையோ பேர் காட்டியாகிவிட்டது. ஹேண்டில்பாரின் நடுவில் மாட்டியிருந்த இரண்டு கம்பிகளின் மேல் முழங்கைகளை ஊன்றிக் குனிந்தார். முழங்கைக்கு அடியில் ரொட்டித்துண்டு கனத்தில் இரண்டு மெத்தைகள். கம்பிகள் முன்சக்கரத்துக்கு மேலாக நீண்டு, நுனியில் கொஞ்சம் வளைந்திருந்தன, இரண்டு கைகளும் அங்கே போய் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டன. காற்றுக்குப் பிடி நழுவியது. முதுகு இறங்க, தோள் இறங்க, முப்பது வருஷமாக யாரும் இறக்கிவைக்காத எதையோ யாரோ வாங்கி ஓரமாக வைத்ததுபோல் இருந்தது. சுகமாகத்தான் இருக்கிறது. அதைச் சொல்லிக்கொள்வதற்கே கூச்சமாக இருந்தது. தாராபுரத்தில் வீட்டைப் பூட்டிக்கொண்டு விடியலில் ஏறியது, இப்போது மணி ஏழரை. பதினொன்றுக்குள் கோவை ஒண்டிப்புதூர். பன்னிரண்டுக்கு அவர்கள் வீட்டை விட்டுக் கிளம்புகிறார்கள், கனலியும் அவள் புருஷன் ஜோயலும், கனடாவுக்கு, ஒரேயடியாக. பெற்ற மகளோடு பதினோரு வருஷமாகப் பேச்சில்லை. அந்த ஒரு மணி நேரத்துக்குள் போய், கேட்டுக்கு முன்னால் சைக்கிளை நிறுத்தி, இந்தக் கம்பி அவள் கண்ணில் படுகிற மாதிரி நிறுத்தி, அப்புறம்? அப்புறம் என்ன சொல்வது என்பதில்தான் காலையிலிருந்து சங்கிலி கழன்று கழன்று விழுகிறது.

வருவதாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுப் போவது பழக்கமே இல்லை. நூற்பாலைச் சங்கம் நடத்திய காலத்தில் முற்றுகை என்றால் முந்தின நாள் மாலைவரை சங்கத்துச் செயற்குழுவுக்கே தெரியாது, விடிந்தால் ஆலைவாசலில் முந்நூறு பேர் நிற்பார்கள், மேனேஜர் பல் விளக்காமல் ஓடிவருவான். முன்னறிவிப்பு கொடுத்தால் எதிராளி தயாராகிவிடுவான். எதிராளி. நாக்குக்குள்ளேயே அந்த வார்த்தை கிடக்கிறது பார். ஞாயிற்றுக்கிழமை ஜோயல் ஃபோனில், வியாழக்கிழமை பன்னெண்டு மணிக்குக் கிளம்பறோம் மாமா, ஒரு வார்த்தை அவகிட்டப் பேசறீங்களா, பக்கத்துலதான் நிக்கறா என்றான். பக்கத்தில் நிற்கிறாள். மூச்சுகூடக் கேட்டதுபோலத்தான் இருந்தது. இவர் என்ன சொன்னார்? நீ உன் வேலையைப் பாருப்பா. நல்ல பையன் அவன். ஒவ்வொரு ஞாயிறும் கூப்பிட்டு, சாப்டீங்களா மாமா, எத்தனை கிலோமீட்டர் ஓட்டுனீங்க மாமா என்று கேட்பான். கேட்கச் சொல்வது யார் என்று தெரியாமலா பதில் சொன்னார். கை மரத்துப்போகுதுப்பா என்று அவனிடம்தான் சொன்னார். வலது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும். ஐம்பது கிலோமீட்டர் தாண்டினால் அவை வேறு யாருடையவோ விரல்கள். போன மே தினத்தில் கொடியேற்றிவிட்டு முழக்கம் போடக் கையை உயர்த்தினால் முஷ்டி மூடவில்லை, இரண்டு விரல் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது, பிள்ளைகள் ரெண்டுக்குப் போகக் கேட்கிற மாதிரி. கீழே எவனோ சிரித்தான். சிரிக்கட்டும். அந்த விரல்கள் எந்தத் தடியடியில் உடைந்து ஒட்டின என்று அவனுக்குத் தெரியாது, அவன் அப்போது பிறந்திருக்க மாட்டான்.

சைக்கிள் குழுவில் பிரசன்னா என்றொரு பேங்க் அதிகாரி, இருநூறு கிலோமீட்டர் ஓட்டத்தில் இவர் பக்கத்திலேயே வருவார், அவர் வண்டியில்தான் முதலில் இந்தக் கம்பியைப் பார்த்தது. அது ஏரோ பார் தோழர், ரேஸ்காரங்க வேகத்துக்குப் போடுவாங்க, நமக்கு வேகம் எதுக்கு, கைக்கு ரெஸ்ட்டு, உள்ளங்கையில பாரம் விழாது, வாங்கி மாட்டுங்க. மருதாசலம் அவர் குனிந்து கைசேர்த்து ஓட்டுவதைப் பார்த்துவிட்டு, முதலாளி ரூமுக்குள்ள நுழையற மாதிரி இருக்குதுங்க, இதுக்குப் பேரு ஏரோ பார் இல்ல, கும்பிடு கம்பி என்றார். ஊத்துக்குளிவரை சிரித்துக்கொண்டே போனார்கள். தோழருக்குக் கை போனாலும் பரவால்ல, கும்பிட மாட்டாரு என்றார் பிரசன்னா. ஆமாங்க, கும்பிட்டதில்லை. கல்யாணத்தில் மாமனாரைக் கும்பிடவில்லை. மந்திரி வந்தபோது கும்பிடவில்லை. ஆஸ்பத்திரியில் ருக்குமணி கிடந்தபோது, படுக்கை இல்லை என்று சொன்ன டாக்டரிடம், இது மக்கள் வரிப்பணத்தில் நடக்கிற ஆஸ்பத்திரி என்று கத்தினார், கும்பிடவில்லை. படுக்கை கிடைத்தது. பெண்சாதிதான் நிலைக்கவில்லை. சித்திரையில் ஒரு பார்சல் வந்தது. அனுப்பியது ஜோயல் என்று மேலே. உள்ளே இந்தக் கம்பி, திருகுகள், மெத்தைகள், ஒரு துண்டுக் காகிதம். காகிதத்தில் மூன்று வரி. முழங்கையை ஊன்றவும். விரலைத் தளர விடவும். பிரேக் எட்டாது, பார்த்து. கையெழுத்து கனலியுடையது. ழகரத்தின் வாலை இழுத்துச் சுழிப்பாள், இவர்தான் கைபிடித்து எழுதவைத்தார். மூன்று வரியும் நோட்டீஸ்போர்டில் ஒட்டுகிற மாதிரி, ஊன்றவும், விடவும், கடைசியில் மட்டும் பார்த்து. அந்தப் ‘பார்த்து’ என்பதை எத்தனை தடவை படித்திருப்பார். பார்த்துப் போங்கப்பா என்பதில் பாதியை விழுங்கிவிட்டு மீதியை மட்டும் எழுதியிருக்கிறாள். எழுதிவிட்டு நிறுத்தியிருக்கிறாள். பேனா அந்த இடத்தில் அழுந்தி ஒரு புள்ளி. பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். மூன்று மாதம் அங்கே கிடந்தது. நிர்வாகம் கொடுப்பதைச் சங்கத்துக்காரன் வாங்கக் கூடாது, அது இருபத்தெட்டு வருஷத்து விதி. தீபாவளிக்கு மேனேஜர் அனுப்புகிற இனிப்புப் பெட்டிகளை அப்படியே கேட்டருகில் அடுக்கிவைத்து, மேலே ‘ஏற்பதற்கில்லை’ என்று எழுதி வைத்துவிட்டு வருவார்கள். எறும்பு தின்னும். நேற்றைக்கு மத்தியானம்தான் கட்டிலுக்கு அடியில் குனிந்தார். மாட்டும்போது ஒரே திருகை மூன்று தடவை கீழே போட்டார். அது வயசு. அப்படித்தான் சொல்லிக்கொண்டார்.

நிர்வாகம். அந்தப் பிள்ளையை நிர்வாகம் என்று சொன்ன வாய் இது. சமூகப்பணி படித்துவிட்டு, உடுமலை ரோட்டு நூற்பாலையில் தொழிலாளர் நல அலுவலர் என்று வேலைக்குச் சேர்ந்தாள், அதே ஆலையில் இவர் சங்கத்துப் பொதுச்செயலாளர். உள்ள இருந்து செய்யறம்பா, செஞ்சு பாக்கறேன், விடுங்க என்றாள். வேறு ஆலையே கிடைக்கவில்லையா என்றார். இந்த ஆலைப் பொம்பளைங்களைத்தான் எனக்குத் தெரியும், இவங்க மடியிலதானே வளர்ந்தேன் என்றாள். அது உண்மை. உண்மை என்பதால்தான் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வேறு தகப்பனாக இருந்தால் அடித்திருப்பான், திட்டியிருப்பான், சோறு போடாதே என்றிருப்பான், இரண்டு நாளில் ஆறியிருக்கும். மருதாசலம் நோட்டீஸ் அடித்தார். வேறு என்ன தெரியும். கோபம் வந்தாலும் துக்கம் வந்தாலும் அச்சாபீசுக்குப் போவதுதான் தெரியும். நாலில் ஒரு பங்குத் தாள், ரோஸ் கலர், ஆயிரம் பிரதி. ‘என் மகள் என்பதால் மறைக்க மாட்டேன். தொழிலாளியின் வியர்வையில் பால் குடித்து வளர்ந்த கனலி, இன்று அந்த வியர்வையை அளக்கும் கோலாக முதலாளியின் கைக்குப் போயிருக்கிறாள்.’ அளக்கும் கோல். அந்த வாக்கியம் வந்து விழுந்தபோது எழுந்து நின்றுகொண்டார். இருபத்தெட்டு வருஷத்தில் எழுதியவற்றில் அதுதான் உயர்ந்தது, இன்றைக்கும் அதுதான். பள்ளிக்கூடத்தில் ஆறாவதுவரை, மீதியெல்லாம் நோட்டீஸைப் படித்தும் நோட்டீஸை எழுதியும் வந்த தமிழ், அதனுடைய முழுப் பலத்தையும் ஒரு இடத்தில் காட்டிற்று, பெற்ற பிள்ளையின் நெஞ்சில். ஷிப்டு விடுகிற நேரம் சங்கத்து நாச்சிமுத்து ஆலைவாசலில் நின்று ஆள் பார்க்காமல் ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்துக்கொண்டிருந்தான், அவளும் கை நீட்டி ஒன்று வாங்கிக்கொண்டாள். இவர் எதிர்ப்புறம் புளியமரத்தடியில். நின்று படித்தாள். முழுவதும் படித்தாள். நாலாக மடித்தாள். கீழே போடவில்லை, கிழிக்கவில்லை, கைப்பையில் வைத்துக்கொண்டாள். தலையை நிமிர்த்தி மரத்தடியைப் பார்த்தாள், அப்பா என்று கூப்பிடுகிற தூரம்தான், கூப்பிடவில்லை. அந்த வருஷமே ஆலையில் பெண்களுக்குக் கக்கூஸ் கட்டினாள், பிள்ளைகளைப் போட்டுவைக்க அறை கட்டினாள். இவர் இரண்டு வேலைநிறுத்தத்தில் கேட்டுக் கிடைக்காதவை. அதற்கும் ஒரு நோட்டீஸ் அடித்தார், கூலியை மறக்கடிக்கும் தந்திரம் என்று. ராத்திரி ஷிப்டுப் பெண்கள் அதைப் புதுக் கக்கூஸுக்குள் கொண்டுபோய் என்ன செய்தார்கள் என்று பிற்பாடு நாச்சிமுத்து சொன்னான், அதைச் சொல்லச் சங்கடப்பட்டுக்கொண்டே சொன்னான். பிறகு ஆலையும் மூடியாயிற்று. சங்கமும் இல்லை, நிர்வாகமும் இல்லை, வாசலில் சீமைக்கருவேல். அந்த ரோஸ் தாள் மட்டும் எங்கேயோ ஒரு கைப்பையில்.

பல்லடம் வந்தது, ஊருக்குள் கம்பியை விட்டு நிமிர்ந்து பிரேக்கில் விரல் வைத்துக்கொண்டார், பார்த்து, ஊர் தாண்டியதும் மறுபடி குனிந்தார். அறுபது கிலோமீட்டரை நெருங்குகிறது, விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார், சுண்டுவிரல் இருக்கிறது, மோதிரவிரல் இருக்கிறது. இருக்கிறதே. அப்பாடா கண்ணு, இருக்குது. அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். கை மரக்கல கண்ணு. அவ்வளவு போதும், அவள் புரிந்துகொள்வாள், இவரைவிடப் புத்திசாலி. அல்லது, ‘கடந்தகால நிலைப்பாடுகளை மறுபரிசீலனை செய்யும்போது’ என்று ஆரம்பித்தால்? தூ. எங்கிருந்து வருகிறது இந்தப் பாஷை. தப்புப் பண்ணிட்டேன் என்று மூன்றாம் வகுப்புப் பையனுக்கு வருகிற வாக்கியம் வரமாட்டேன் என்கிறது. காரணம்பேட்டை தாண்டி ரோடு அகலமாயிற்று, காற்று சீறியது, இவர் தலையைத் தொங்கவிட்டு முன்சக்கரத்தையும் அதற்குக் கீழே ஓடுகிற தாரையும் மட்டும் பார்த்துக்கொண்டு மிதித்தார். தலையை நிமிர்த்தினால் பிடரி வலிக்கிறது, இந்தக் கம்பியில் அது ஒன்றுதான் குறை. பழைய சைக்கிளில் இந்த இடத்தில்தான் அவளுடைய சின்ன சீட் இருந்தது. கை நீளுகிற இந்த வெற்றிடத்தில் அவளுடைய முதுகு இருந்தது, எண்ணெய் தடவிய இரட்டைச் சடை இவருடைய முகவாயில் இடித்தது. வாயிற்கூட்டத்துக்கெல்லாம் அழைத்துப்போவார். மணி அவள் பொறுப்பு. ஒரு தடவை அடிக்க மாட்டாள், எப்போதும் இரண்டிரண்டாக, கிணிங் கிணிங், கொஞ்சம் விட்டுக் கிணிங் கிணிங். ஒதுங்குங்கப்பா, தலைவர் வர்றாரு என்பார்கள் வாசலில். தலைவர் பின்னாடி வர்றாரு, முன்னாடி நான் வர்றேன் என்பாள். அஞ்சு வயசு. அந்த வாய். பின்னால் ஒரு கார் ஹாரன். பீப் பீப். இவ்வளவு அகலமான ரோட்டில் போக இடமில்லையா. நாற்பது வருஷமாக இந்த ரோட்டில் சைக்கிளுக்குப் பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள், நாற்பது வருஷமாக இவர் ஒதுங்கியதில்லை. சாலை யாருக்கு என்று இரண்டு பக்க நோட்டீஸே போட்டிருக்கிறார். கொஞ்சம் விட்டு மறுபடி, பீப் பீப். அடி, அடி. கார் பக்கத்தில் வந்தது, வேகத்தைக் குறைத்து இவரோடு கூடவே உருண்டது, வெள்ளை நிறம் ஓரக்கண்ணில் பட்டது, வாடகைக் கார் போல, கண்ணாடி இறங்கியிருக்க வேண்டும், முழங்காலில் குளிர்காற்று தொட்டது, யாரோ என்னவோ சொன்னதைக் காற்று பிடுங்கிக்கொண்டு போயிற்று. வழி கேட்கிறார்களா, வேடிக்கை பார்க்கிறார்களா, இந்த வயசில் இது தேவையா பெரியவரே என்று புத்தி சொல்கிறார்களா. போன மாதம் ஒருத்தன் அப்படித்தான் சொல்லிவிட்டு செல்ஃபோனில் படம் பிடித்தான். தலையை நிமிர்த்தவில்லை. வலது கையைக் கம்பியிலிருந்து எடுத்து, பார்க்காமலே, முன்னால் வீசிக் காட்டினார். போ. போ. ஒரு மின்கம்பத்திலிருந்து அடுத்த மின்கம்பம்வரை கார் கூடவே வந்தது. பிறகு போய்விட்டது. நல்லது. எங்கே விட்டார்? இரட்டைச் சடை. கிணிங் கிணிங். என்னவோ ஒன்று முள்மாதிரி மாட்டிற்று, இழுத்துப் பார்த்தார், வரவில்லை, சூலூர் ஏற்றம் வந்தது, மூச்சு வேண்டியிருந்தது, விட்டுவிட்டார்.

ருக்குமணியின் சாவுக்கு வந்திருந்தாள். பெண்கள் பக்கம் அவள், பந்தலடியில் இவர். தூக்கும்போது ஒரு கணம் நேருக்குநேர். அப்போது இவர் கையைப் பிடித்திருந்தால் முடிந்திருக்கும். துக்கம் விசாரிக்கத் தோழர்கள் வந்துகொண்டிருந்தார்கள், ஒவ்வொருவரிடமும் இந்த ஆஸ்பத்திரிகளின் லட்சணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பேச்சு, பேச்சு, செத்தவளுக்குப் பக்கத்தில் நின்றுகூடப் பேச்சு. சரி, இன்றைக்குப் பேச்சே வேண்டாம். சைக்கிள் பேசும். ஒண்டிப்புதூரில் அடுக்குமாடிக் குடியிருப்பு வாசலில் இறங்கியபோது மணி பத்தே முக்கால். சட்டையை இழுத்துவிட்டு, சிவப்புத் துண்டால் முகத்தைத் துடைத்து, கம்பிகள் வாசலைப் பார்க்கிற மாதிரி சைக்கிளைத் திருப்பி நிறுத்தினார். காவலாளி, நரைத்த மீசைக்காரர், எழுந்து வந்தார். ஏனுங், கனலியம்மாவோட அப்பாங்களா? ஆமாங்க, எப்படித் தெரியும்? மூக்கு அப்படியே இருக்குதுங்களே. சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றது. என்னங்க, நீங்க இங்க வந்து நிக்கறீங்க? அவிய காலையில ஆறரைக்கே பெட்டியெல்லாம் ஏத்திக்கிட்டு, சாவியக் குடுத்துட்டு, தாராபுரத்துக்கு உங்களைப் பாக்கத்தானுங்க போனாங்க. பாத்துட்டு அப்படியே ஏர்போர்ட் போறதா இருந்துச்சுங். வழியில் பார்க்கவில்லையே என்றார் மருதாசலம். குண்டடத்தில் டீக்கடைக்குள் உட்கார்ந்து பேப்பர் படித்தது ஞாபகம் வந்தது, சைக்கிளைக் கடைக்குப் பின்னால் நிழலில் சாத்தியிருந்தது ஞாபகம் வந்தது, அப்போது போயிருப்பார்கள், போய்ப் பூட்டைப் பார்த்திருப்பார்கள், பக்கத்து வீட்டில் சைக்கிளில் எங்கேயோ போனார் என்று சொல்லியிருப்பார்கள், எப்போதும்போல ஓட்டப் போய்விட்டார், இன்றைக்குக்கூட, என்று நினைத்திருப்பாள், திரும்பி வந்திருப்பார்கள், இதே ரோட்டில், இதே. முள் வெளியே வந்துவிட்டது. பீப் பீப். கொஞ்சம் விட்டுப் பீப் பீப். சீட்டுக்கு அடியிலிருந்த பையைத் திறந்து ஃபோனை எடுத்தார். தவறிய அழைப்பு ஜோயலிடமிருந்து நான்கு. கனலியிடமிருந்து ஒரு செய்தி, ஒன்பது ஐம்பதுக்கு. சூலூர் பக்கம் உங்களைப் பார்த்தோம். கூப்பிட்டேன். போகச் சொல்லிக் கையைக் காட்டினீங்க. போறேன். போயிட்டு வர்றேன் என்று எழுதவில்லை. வெறும் போறேன் என்று எந்தப் பிள்ளையும் வாசலில் சொல்லாது, இவள் எழுதியிருக்கிறாள். இவருடைய பிள்ளை, வாக்கியத்தை எங்கே முடிக்க வேண்டும் என்று தெரிந்த பிள்ளை. கூப்பிட்டார். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்றது ஒரு குரல். ஜோயலுக்கு. மணி அடித்து அடித்து ஓய்ந்தது. ஏர்போர்ட் எவ்வளவு தூரமுங்க? ஆறு கிலோமீட்டர் இருக்குமுங்க, தண்ணி குடிச்சுட்டுப் போங்க ஐயா, ஐயா.

அந்த ஆறு கிலோமீட்டர் அவருக்கு ஞாபகமில்லை. ஊருக்குள் கம்பியைப் பிடிக்கக் கூடாது, பிடித்துக்கொண்டுதான் போனார், ஒரு பஸ் கிறீச்சிட்டது, எவனோ அம்மாவைச் சேர்த்துத் திட்டினான். ஏர்போர்ட்டில் ஒரு வாசல் இருந்தது. வாசல் என்றால் மருதாசலத்துக்குத் தெரியும். எத்தனை வாசல்களில் நின்றிருக்கிறார், எத்தனை காவல்காரர்கள் இவர் குரலுக்கு ஒதுங்கியிருக்கிறார்கள். துப்பாக்கியோடு நின்ற சிப்பாய்க்கு ஜோயல் வயசிருக்கும். டிக்கெட்டு காட்டுங்க என்றான். இல்லை. டிக்கெட்டு இல்லாம உள்ள விட முடியாதுங்க பெரியவரே. எம் பொண்ணு உள்ள இருக்கா. ஃபோன் போட்டு வெளிய வரச் சொல்லுங்க. எடுக்கலைங்க. அப்ப உள்ள போயிருப்பாங்க, செக்கிங் முடிஞ்சா திரும்ப வெளிய விடமாட்டாங்க. இது பொதுமக்கள் இடம், சட்டம் என்ன சொல்கிறது, யார் உன் அதிகாரி, கூப்பிடு, எல்லாம் தொண்டைவரை வரிசையாக வந்து நின்றது, வழக்கமான வரிசை, ஒன்றாவது வெளியே வரவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு யார்யாரோ போனார்கள், ஒரு பெண்ணின் முதுகு, அவள் இல்லை. இன்னொரு முதுகு. பின்னால் நின்றவர்கள், சீக்கிரம் நகருங்க என்றார்கள். ஐயா, ஒரே ஒரு நிமிஷமுங்க என்றார் மருதாசலம். சிப்பாயின் முகம் மாறியது. எதற்கு மாறியது என்று அவருக்கு முதலில் தெரியவில்லை. ஐயோ, கும்பிடாதீங்க பெரியவரே, எங்கப்பா வயசு உங்களுக்கு, கையை இறக்குங்க என்றான். குனிந்து பார்த்தார். கைகள் இரண்டும் சேர்ந்து நெஞ்சுக்கு முன்னால் நின்றன. எப்போது சேர்ந்தனவோ, எண்பது கிலோமீட்டராக அப்படித்தானே வந்தன. கையை இறக்குங்க பெரியவரே. அவர் இறக்கவில்லை. பத்து விரலும் ஒன்றோடொன்று அழுந்தியிருந்தன, சுண்டுவிரலும், மோதிரவிரலும். ஒன்றுகூட மரத்திருக்கவில்லை.